கூலிக்கு வேட்டல்

ஒரு செயலைச் செய்பவர் ஒருவராகவும், அதைச் செய்விப்பவர் மற்றொருவராகவும், அதன் பயனைத் துய்ப்பவர் மூன்றாமவராகவும் இருக்கும்போது அச்செயல் யாருடைய வினையாகும் என்பது இந்தியத் தத்துவ மரபு மிகப் பழங்காலத்திலேயே எழுப்பி, நூற்றாண்டுகள்தோறும் விவாதித்து வந்த வினா. வேள்விக்கூடங்களை முன்வைத்து எழுந்த அவ்வினா இன்று சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேறு வடிவத்தில் உயிரோடு இருக்கிறது. பெரிய தகவல் தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனங்களில் பணிபுரியும் பல லட்சம் பேரின் அன்றாட அனுபவத்தைச் சம்பளம், வேலைநேரம், மன அழுத்தம் ஆகிய சொற்களால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பதும், அதன் அடியில் வினைமுதல் யார் என்னும் பழைய சிக்கல் கிடக்கிறது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

இத்தகைய நிறுவனம் சந்தையில் வைத்து விற்கும் பொருள் என்று பெரும்பாலும் எதையும் உருவாக்குவதில்லை. வங்கி, காப்பீட்டு நிறுவனம், விமான நிறுவனம் போன்ற பிறருடைய மென்பொருளை அவர்களுக்காக எழுதியும் திருத்தியும் காத்தும் தருகிறது. 1968-இல் தொடங்கிய டி.சி.எஸ்., 1981-இல் தொடங்கிய இன்ஃபோசிஸ், 1994-இல் சென்னையில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கிளையாகப் பிறந்து பின்னர் காக்னிசன்ட் எனப் பெயர் பெற்ற நிறுவனம் ஆகியவை இவ்வகையின. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்க்க மேலைநாடுகளுக்கு ஆட்கள் தேவைப்பட்ட காலத்தில் வேகமாக வளர்ந்த இத்துறையில், டி.சி.எஸ். மட்டுமே 2023-ஆம் ஆண்டில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியரைக் கொண்டிருந்தது. ஊழியர் ஒருவரின் ஒரு மணி நேர உழைப்புக்கு இன்ன விலை என வாடிக்கையாளரிடம், அதாவது இத்துறையினர் ‘கிளையண்ட்’ என்று சொல்பவரிடம், ஒப்பந்தம் செய்துகொள்வது அங்கே நெடுங்காலமாக உள்ள வணிகமுறை. அந்த மணிக்கணக்கை ஊழியரே வாரந்தோறும் பதிந்து தரும் பட்டியலுக்கு ‘டைம்ஷீட்’ என்றும், கிளையண்டிடம் கட்டணம் பெறத்தக்க நிலையில் இருப்பவருக்கு ‘பில்லபிள் ரிசோர்ஸ்’ என்றும் பெயர். எழுதப்படும் நிரலின் உரிமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் கிளையண்டைச் சேர்கிறது. தாம் எழுதிய நிரல் எந்த ஊரில், எவருடைய எந்தத் தேவைக்காக ஓடுகிறது என்பதை ஒருமுறையும் காணாமலே பணிக்காலத்தை முடிப்பவர் பலர்.

இந்நிலைக்கு மருந்தாக இந்நிறுவனங்களின் அரங்குகளிலும், மேலாண்மை நூல்களிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுவது பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் கூறும் நிஷ்காமிய கர்மம், அதாவது பயனில் பற்று வைக்காமல் செயலாற்றுதல். பயன் கண்ணுக்கே தெரியாத வேலைக்கு இதைவிடப் பொருத்தமான போதனை இல்லை என்று முதற்பார்வையில் தோன்றக்கூடும். ஆனால் துறத்தல் என்னும் சொல்லுக்கே உடைமை என்னும் முன்நிபந்தனை உண்டு. தன்னிடம் இல்லாததை எவரும் துறக்க முடியாது. நிறுவன ஊழியரைப் பொறுத்தவரை, செயலின் பயன் அவர் பணியில் சேர்ந்த நாளிலேயே கையெழுத்தால் பிறருக்கு விற்கப்பட்டுவிட்டது. விற்றுவிட்ட பொருளின்மீது பற்று வைக்காதே என்று அவருக்குச் சொல்வது நல்லொழுக்கப் போதனையாக இருக்கலாம். கீதை சொல்லும் யோகமாக இருக்க இயலாது. அருச்சுனனின் போர் அருச்சுனனுடையது. அதனால்தான் அதன் பயனை விடும்படி கண்ணன் அவனிடம் கேட்க முடிந்தது.

இந்த நிலைமையை நேருக்கு நேர் சிந்தித்த மரபு ஒன்று உண்டு. அது வேதாந்தம் அன்று, அதற்கு முந்திய பூர்வ மீமாம்சை. வேதம் விதிக்கும் சடங்குகளின் பொருளை ஆராயும் இத்தத்துவத்துக்கு ஜைமினியின் சூத்திரங்களும் அவற்றுக்குச் சபரர் எழுதிய உரையும் அடிப்படை நூல்கள். சோமவேள்வியில் நெய் சொரிபவரும், மந்திரம் ஓதுபவரும், சாமம் பாடுபவரும் ருத்விக்குகள் எனப்படும் புரோகிதர்கள். வேள்வியின் பயனோ அவர்களை அமர்த்திய யஜமானனுக்கு உரியது. உடலால் உழைப்பவர் ஒருவர், சுவர்க்கம் பெறுபவர் வேறொருவர் என்பது எப்படிப் பொருந்தும் என்ற ஐயத்துக்கு மீமாம்சகர் தரும் விடை வியப்பூட்டும் அளவுக்கு வணிகத் தெளிவு உடையது. தட்சிணை என்பது அன்பளிப்போ தானமோ அன்று, ‘பரிக்கிரயம்’, அதாவது விலை கொடுத்து அமர்த்துதல் என்றும், விலை கொடுக்கப்பட்டதால் புரோகிதர் செய்யும் செயல் யஜமானன் செய்ததாகவே ஆகிவிடுகிறது என்றும் அவர்கள் வாதிட்டனர். வேள்வி செய்விப்பவரைக் குறித்த அந்தச் சொல்லே தமிழில் எசமானன் எனத் திரிந்து, சம்பளம் கொடுப்பவரைக் குறிக்கலாயிற்று என்பது இங்கே நினைக்கத்தக்கது. எல்லாவற்றையும் பிறரைக் கொண்டு செய்விக்கும் அந்த யஜமானன் தானே செய்தாக வேண்டிய ஒரு செயல் உண்டு: அவியைத் தேவதைக்கு உரியதாக்கி, இது என்னுடையதன்று எனச் சொல்லித் தன் உடைமையை விடுதல். இதற்குத்தான் தியாகம் என்று பெயர். கையால் சொரிகிற புரோகிதருக்கு அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதி இல்லை. ஏனெனில் அது அவர் பொருளன்று. நிறுவன அரங்குகளின் கீதை விளக்கம் எங்கே வழுக்குகிறது என்பதை மீமாம்சை இந்த ஒரு விதியாலேயே காட்டிவிடுகிறது.

ஒப்புமை இதோடு நிற்பதில்லை. சோமவேள்வியின் புரோகிதர் பதினாறு பேர். நால்வர் தலைவர், ஒவ்வொருவருக்கும் துணைவர் மூவர். துணைவர்களுக்குப் பெயரே அவர்கள் பெறும் பங்கால் அமைந்தது: தலைவர் பெறுவதில் பாதி பெறுவோர், மூன்றிலொன்று பெறுவோர், கால் பெறுவோர். 100 பசுக்கள் தட்சிணை என்றால் தலைவர் நால்வருக்கும் சேர்த்து 48, அடுத்தடுத்த நிலையினருக்கு முறையே 24, 16, 12 என்று மனுநூலின் உரைகாரர்கள் கணக்கிடுகின்றனர். அடியில் இளையோர் பலரும் உச்சியில் மூத்தோர் சிலரும் நிற்கும் படிநிலையைப் ‘பிரமிடு’ எனக் கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு மணிக்கட்டணம் வகுக்கும் இன்றைய நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது. வேள்வியில் எல்லாப் படியிலும் ஆள்தொகை சமம் என்பதுதான் வேறுபாடு. தலைவர் நால்வருள் பிரமன் எனப்படுபவர் தீக்குத் தெற்கே பெரும்பாலும் வாய்பேசாமல் அமர்ந்து, எங்கேனும் பிழை நேர்கிறதா என்று பார்த்திருந்து, நேர்ந்தால் கழுவாய் செய்பவர். ‘டெலிவரி மேனேஜர்’ என்ற பதவியை அறிந்தவர்கள் இவரை எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள், அந்த மௌனம் ஒன்றைத் தவிர. நடுவில் வேலையை விட்டுப் போகும் புரோகிதருக்குச் செய்த அளவுக்கே பங்கு என்றும், தட்சிணை பெற்றபின் விலகுபவர் எஞ்சியதை வேறொருவரைக் கொண்டு முடித்துத்தர வேண்டும் என்றும் மனுநூல் விதித்திருப்பதால், பணிவிலகுபவரின் கணக்குத் தீர்ப்பும் மாற்று ஆளும்கூட இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்புகள் அல்ல.

பயன் யஜமானனுக்கு என்றால் பிழை யாருக்கு? துவட்டா என்பவன் இந்திரனைக் கொல்லும் மகனை வேண்டி வேட்டபோது, ‘இந்திரசத்ரு’ என்ற சொல்லின் இறுதியில் வரவேண்டிய எடுத்தலோசை முதலில் விழுந்ததால், இந்திரனைக் கொல்பவன் என்னும் பொருள் இந்திரனால் கொல்லப்படுபவன் என மாறிப்போய், பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே மாண்டான் என்ற கதையை இலக்கண நூலார் திரும்பத் திரும்பச் சொல்வர். ஓர் ஓசையின் இடமாற்றம் முழுச்செயலையும் தலைகீழாக்குவது நிரல் எழுதுபவர்களுக்கு விளக்கத் தேவையில்லாத உண்மை. அக்கதையிலிருந்து மரபு பெற்ற முடிவு, பிழைபட்ட சொல் யஜமானனையே தாக்கும் என்பது. இன்றைய ஏற்பாட்டில் அது மாறிவிட்டது. யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று பதிந்து வைக்கும் ‘கிட்’ என்னும் மென்பொருளில், ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவரின் பெயரைக் காட்டும் கட்டளைக்கு ‘பிளேம்’, அதாவது பழி, என்றே பெயர். பயனில் எங்கும் பொறிக்கப்படாத ஊழியரின் பெயர் பழியில் நாள், மணி, நொடி வரை துல்லியமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பயனைத் துறக்கச் சொல்லும் போதனை இந்த இரண்டாம் ஏட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

புரோகிதர் தமக்கென எதையுமே வேண்டக்கூடாதா என்பதையும் மீமாம்சகர் ஆராயாமல் விடவில்லை. வேள்வியில் ஓதப்படும் வேண்டுதல்களின் பயன் பொதுவாக யஜமானனுக்கே உரியது. ஆயினும் தீ தம்மைச் சுடாதிருக்கட்டும் என்பது போன்ற சில வேண்டுதல்களின் பயன் புரோகிதரைச் சேரும் என்று அவர்கள் ஒப்புகின்றனர். காரணம் கருணையன்று, வெந்துபோன புரோகிதரால் வேள்வியை முடிக்க முடியாது, ஆகவே அவர் நலமும் வேள்வியின் ஓர் உறுப்பு என்பதே காரணம். பெருநிறுவன வளாகங்களில் நடைபெறும் யோக வகுப்பு, தியான அறை, மனநல ஆலோசனை ஆகியவற்றின் தத்துவத் தகுதியை இதைவிடத் துல்லியமாக வரையறுப்பது கடினம். அரங்கில் நிகழும் கீதைச் சொற்பொழிவும் இந்த வகையில்தான் சேரும். அதனால் அதைக் கேட்பவருக்கு அமைதி கிட்டாது என்பது பொருளன்று. கிட்டும் அமைதியும் செயலுக்காக அமர்த்தப்பட்டதே என்பதுதான் பொருள்.

மேலை மரபும் இந்த உழைப்பு விற்பனையை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. வட்டி வாங்குபவன் தன்னுடையது எதையும் விற்பதில்லை, கடவுளுக்கு உரிய காலத்தையே விற்கிறான் என்று 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சோபம் தாமஸ் போன்ற இறையியலார் குற்றஞ்சாட்டினர். அறிவும் கடவுளின் கொடை, ஆகவே விற்பனைக்கு உரியதன்று என்ற கருத்தும் அக்காலத்தில் வலுவாக இருந்தது. அப்படியானால் கட்டணம் பெறும் ஆசிரியரும் வழக்கறிஞரும் பாவிகளா என்ற கேள்விக்கு, அவர்கள் பெறுவது அறிவுக்கு விலையன்று, உழைப்புக்குக் கூலி என்ற சமாதானம் சொல்லப்பட்டது. டைம்ஷீட் தன்னையறியாமல் அந்தச் சமாதானத்தின் வாரிசாக இருக்கிறது: அறிவை அளக்காமல் மணியை அளக்கிறது. அதன் விளைவாக, எட்டு மணி நேர வேலையைத் தன் தேர்ச்சியால் இரண்டு மணியில் முடிப்பவர் நேர்மையாகப் பதிந்தால் நிறுவனத்துக்கு இழப்பும், எட்டு என்று பதிந்தால் தமக்குள் ஓர் உறுத்தலும் ஏற்படுகின்றன. நிரலின் பகுதியை இயந்திரமே எழுதித் தரத் தொடங்கிவிட்ட இந்நாளில் இந்தச் சங்கடம் தனிமனித உறுத்தல் என்ற நிலையைக் கடந்து, துறையின் கணக்குமுறையையே தொட்டிருக்கிறது.

வினையிலிருந்து வினைசெய்யும் உயிருக்குத் திரும்பினால், சைவ சித்தாந்தம் துணைவருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிறுவிய இம்மரபு, உயிரின் இயல்பைச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று வரையறுக்கிறது. பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல், உயிர் எதைச் சார்கிறதோ அதுவாகவே நிற்கும். மூன்றாண்டு வங்கி மென்பொருளில் இருந்துவிட்டு வங்கியாளர் மொழியில் பேசி, அடுத்த ஆண்டு மருந்து நிறுவனத்தின் திட்டத்துக்கு மாறி அதன் சொற்களில் சிந்தித்து, கிளையண்டின் அடையாள அட்டையைக் கழுத்தில் அணிந்து, அவர் நாட்டு விடுமுறைக்கு ஏற்பத் தம் தீபாவளியைக் குறுக்கிக்கொள்பவருக்கு இவ்வரையறை வெறும் உவமையாக இராது. திட்டம் எதிலும் இல்லாமல் காத்திருக்கும் நிலையை இத்துறையினர் ‘பெஞ்ச்’ என்கின்றனர். சம்பளம் வரும், வேலை இராது, அட்டையைத் தேய்த்து உள்ளே வந்து பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்க வேண்டும். உடலும் கருவிகளும் கூடாமல், அறிவும் செயலும் விளங்காமல் உயிர் ஆணவ இருளில் கிடக்கும் நிலையைச் சித்தாந்தம் கேவலம் என்றும், கருவிகளோடு கூடி வினை செய்யும் நிலையைச் சகலம் என்றும் அழைக்கும். கேவலம் என்ற சொல் பேச்சுவழக்கில் இழிவைக் குறிப்பதையும் சேர்த்து எண்ணினால், பெஞ்சில் இருப்பவர் அதன் இரு பொருளையும் ஒருங்கே அனுபவிக்கிறார் எனலாம். ஆயினும் சித்தாந்தத்தில் கேவல நிலையிலும் உயிர் உண்டு, விளக்கமுறாமல் இருக்கிறது என்பதே கொள்கை. ஊழியருள் எத்தனை விழுக்காட்டினர் கட்டணம் ஈட்டுகின்றனர் என்று மட்டும் எண்ணும் நிறுவனக் கணக்கில் அந்த உயிருக்கு இடமில்லை. எந்தக் கிளையண்டின் நிறமும் படியாத பளிங்காக ஒருவர் தம்மைக் காணக்கூடிய சில வாரங்கள், அந்தக் கணக்கின் அச்சத்திலேயே கழிந்துவிடுகின்றன.

தட்சிணையே இல்லாத வேள்வி ஒன்றும் மீமாம்சையில் பேசப்படுகிறது. சத்திரம் எனப்படும் அந்த நெடுவேள்வியில் குறைந்தது பதினேழு பேர் கூடி, தாமே புரோகிதராகவும் தாமே யஜமானராகவும் இருந்து வேட்பர். ஒருவரை ஒருவர் விலைக்கு வாங்குவதில்லை, பயன் அனைவருக்கும் உண்டு. (வழிப்போக்கருக்குச் சோறிட்ட தமிழ்நாட்டுச் சத்திரங்களின் பெயரும் இச்சொல்லிலிருந்து வந்ததே.) உரிமையைப் பொதுவில் வைத்து, ஊதியமின்றிப் பலர் கூடி எழுதும் கட்டற்ற மென்பொருள் இதற்கு மிக அண்மையில் நிற்கிறது. ஆனால் அவற்றுள் புகழ்பெற்றதான, 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரலுக்கு இன்று வரும் பங்களிப்பில் பெரும்பகுதி நிறுவனங்களின் ஊதியம் பெறுவோருடையது; சத்திரத்துக்குள்ளும் பரிக்கிரயம் புகுந்துவிட்டது. பகலெல்லாம் அயல்நாட்டு வங்கிக்காக உழைத்துவிட்டு, இரவில் தமிழ்ச் சொற்பிழை திருத்தும் ஒரு நிரலைப் பொதுவுக்கென எழுதித் தர விரும்பும் ஊழியர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது தம் பணிநியமனக் கடிதத்தை. பணிக்காலத்தில் அவர் உருவாக்குவனவற்றின் உரிமை நிறுவனத்தைச் சேரும் என்ற விதி, எங்கே, எந்த நேரத்தில் உருவாக்கினாலும் என்ற தொடரோடு அதில் இருக்கக்கூடும். சத்திரத்தில் அமர்வோர் ஒவ்வொருவரும் தம் இல்லத்தில் வேள்வித்தீ வளர்ப்பவராக இருக்க வேண்டும் என்பதும், அந்தத் தீக்களை ஒன்றுசேர்த்தே வேள்வி தொடங்க வேண்டும் என்பதும் பழைய விதி. அந்த ஊழியரின் வீட்டு மேசையில் திறந்திருக்கும் மடிக்கணினி பெரும்பாலும் நிறுவனத்துடையது.