திறப்பு யாருடைய கையில்?



இறுதித் தீர்வையைப் பற்றி நம் ஆண்டவர் உரைத்தவற்றை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பசித்தோர், தாகமுற்றோர், அந்நியர், ஆடையற்றோர், நோயுற்றோர் ஆகியோருடன் சிறையிலிருப்போரையும் அவர் தம் சகோதரராகவே எண்ணிப் பேசுகிறார். அவர்கள் குற்றவாளிகளா, நிரபராதிகளா என்று அவர் பிரித்துக் கேட்கவில்லை. ஆனால் சிறை என்றதும் நம் மனக்கண்முன் வருவோர் ஆண்களே. அங்கே பெண்களும் இருக்கிறார்கள் என்ற நினைவு நம்மில் எத்தனை பேருக்கு எழுகிறது?

திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் பெலிசித்தா, பெர்பெத்துவா என்னும் இரு பெயர்களைக் கேட்கிறோம். இவ்விருவரும் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கி.பி. 203இல் இரத்தசாட்சிகளாக மரித்த இளம் பெண்கள். பெர்பெத்துவாவிற்கு வயது 22; கையிலே பால்குடிக் குழந்தை. சிறையின் இருளையும், நெரிசலின் வெப்பத்தையும், படைவீரர் பணம் பறித்த கொடுமையையும் அவரே எழுதி வைத்தார். அவ்வூர்த் திருத்தொண்டர் இருவர் காவலருக்குப் பணம் கொடுத்து, கைதிகள் சில மணி நேரமாவது சிறையின் நல்ல பகுதியொன்றில் இருக்க வழிசெய்தனர். அங்கேதான் அந்தத் தாய் தன் பிள்ளைக்குப் பாலூட்டினாள். பெலிசித்தா சிறையிலேயே பெண் குழந்தையொன்றைப் பெற்றெடுத்தார். கிறிஸ்தவப் பெண்ணொருவர் அதைத் தம் மகளாகவே வளர்த்தார்.

அன்று பணம் கொடுத்துப் பெற்ற அந்தச் சிறிய ஆறுதலைச் சட்டத்தின் உரிமையாக்க உலகத்திற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. 1813இல் எலிசபெத் ஃபிரை என்னும் பெண்மணி இலண்டன் நியூகேற் சிறைக்குள் நுழைந்தபோது, ஏறக்குறைய 300 பெண்கள் தம் பிள்ளைகளுடன் அடைபட்டுக் கிடக்கக் கண்டார். அவர் கத்தோலிக்கரல்லர், எனினும் கிறிஸ்துவின் அன்பே அவரை அங்கே இட்டுச் சென்றது. அவரது அயரா உழைப்பும் ஒரு காரணமாக, பெண் கைதிகளைப் பெண்களே காவல் செய்ய வேண்டும் என்று 1823இல் இங்கிலாந்தில் சட்டம் பிறந்தது.

இன்று ஐக்கிய நாடுகள் சபையின் விதிகளும் அதையே கூறுகின்றன. 1955இல் வகுக்கப்பட்டு, 2015இல் திருத்தப்பட்டு, நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கும் அவ்விதிகளின்படி, பெண்கள் பகுதி முற்றிலும் வேறாக இருக்க வேண்டும். அதன் திறப்புகள் யாவும் பொறுப்புள்ள பெண் உத்தியோகத்தர் ஒருவரிடமே இருக்க வேண்டும். பெண் உத்தியோகத்தரின் துணையின்றி எந்த ஆண் உத்தியோகத்தரும் உள்ளே செல்லலாகாது. பெண்களைச் சோதனையிடுவோரும் பெண்களாகவே இருக்க வேண்டும்.

மதிலைக் கட்டிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். பிராந்தியச் சிறைகளில் பெண்களின் தொகை குறைவு. ஆகவே ஆண்களின் சிறை வளவிற்குள்ளேயே ஒரு மூலை அவர்களுக்கு ஒதுக்கப்படுவதுண்டு. நீதிமன்றத்திற்கோ, மருந்தெடுக்கவோ, உறவினரைக் காணவோ அவர்கள் ஆண்களின் பகுதியைக் கடந்தே போக நேரிடலாம். நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு வயிற்றுவலி. பெண் காவலர் கடமையில் இல்லையென்றால் அந்தக் கதவை யார் திறப்பார்? திறவாவிட்டால் அவள் உயிருக்கு ஆபத்து; ஆணொருவன் தனியே வந்து திறந்தால் அவள் மானத்திற்கு ஆபத்து. மதில் எவ்வளவு உயர்ந்தாலும், திறப்பு யாருடைய கையில் என்பதிலேயே அவளது பாதுகாப்புத் தங்கியிருக்கிறது.

நம் நாட்டுச் சிறைகளைப் பற்றி மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டது. அதை வாசிப்பதும், குறைகளைத் தீர்க்குமாறு நம் பிரதிநிதிகளைக் கேட்பதும் கிறிஸ்தவனின் கடமையே.

ஆனால், பெற்றோரே, இன்னொரு பிரிவினையும் உண்டு. அதைக் கட்டுவது அரசாங்கம் அன்று; நாமே. மகன் விளக்கமறியலில் இருந்தால் தாய் சோற்றுப் பொதியுடன் வாசலிற் காத்து நிற்பாள். மகளோ மருமகளோ அங்கே சென்றுவிட்டால் வீட்டில் அவள் பெயரையே உச்சரிப்பதில்லை. தங்கையின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம். ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம். தேடிவர ஒருவருமில்லாத பெண்ணே சிறையில் மிகவும் பாதுகாப்பற்றவள். தன்னைக் கேட்க ஆளுண்டு என்று காவலர் அறிந்தால், அவளை இழிவாக நடத்தத் தயங்குவர். நீங்கள் வாசலில் நிற்பதே அவளுக்கு ஒரு காவல்.

ஆகவே பங்குகளில் உள்ள அன்னையர் சங்கங்களும் மரியாயின் சேனையினரும் பங்குக்குருவுடன் கலந்து, சிறை அத்தியட்சகரின் அனுமதியுடன் பெண்கள் பகுதியைத் தரிசிக்க முன்வருவார்களாக. சவர்க்காரம், மாதவிலக்குக்கான துணிகள், பிள்ளைகளுக்குப் பால்மா என்பன பெரிய செலவல்ல. தண்டப்பணம் செலுத்த வழியின்றி உள்ளே இருப்பவள் ஒருத்தியின் பணத்தைச் செலுத்துவது, அந்தத் திருத்தொண்டர் இருவரும் செய்த தருமத்திற்கு ஈடாகும். எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் உறவினள் ஒருத்தி அங்கிருந்தால் இந்த மாதமே சென்று பாருங்கள்.

சிறைக் கதவின் திறப்பு நம் கையில் இல்லை. நம் வீட்டுக் கதவின் திறப்போ நம்மிடமே இருக்கிறது. அவள் திரும்பி வரும் நாளில் அது திறந்திருக்கக் கடவது.