ஐயூபு நபி தட்டிய காலும் நம் வீட்டு நோயாளியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹு தஆலாவுக்கே. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

நாம் ஆலிமும் அல்ல, டாக்டரும் அல்ல. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் போக, மீதி கற்றதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று கற்றதே. ஆயினும் நம் வீட்டில் நடந்த ஒரு தவற்றை உங்கள் முன் வைத்தால், இன்னொரு வீட்டில் அது நடவாமல் போகலாம் அல்லவா? அந்த நோக்கத்தோடுதான் எழுதுகிறோம்.

ஐயூபு நபி (அலை) அவர்களின் சரித்திரத்தை நாம் யாவரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். பொருளும் போயிற்று, மக்களும் போயினர், சரீர சுகமும் போயிற்று. நெடுங்காலம் பொறுத்திருந்து இறைவனிடம் முறையிட்டார்கள். துஆ கபூலாயிற்று. அப்பொழுது அல்லாஹு தஆலா என்ன செய்தான்? நோயாளியைப் படுக்கையில் வைத்துக்கொண்டே ஷிபாவை இறக்கிவிடவில்லை. உமது காலால் பூமியைத் தட்டும் என்று கட்டளையிட்டான். தட்டினார்கள், குளிர்ந்த நீர் பொங்கிற்று, அதில் குளித்தார்கள், குடித்தார்கள், சுகமடைந்தார்கள். “ஆகுக” என்றால் ஆகிவிடும் வல்லமை உடையவன், நோயால் நலிந்த ஒருவரின் காலை ஏன் அசைக்கச் சொன்னான்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் அத்தா அவர்கள் வாலிப வயதில் சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் லயம் லயமாக ஏறி இறங்கி வியாபாரம் செய்தவர்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. பிறகு ஈப்போவில் கடை வைத்தார்கள். எழுபது வயதைத் தாண்டியபின் அவர்களுக்குக் கால் வீங்கிற்று. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டிற்று. ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்றார்கள் டாக்டர்கள். இருதயம் நின்றுபோவது என்று இதற்கு அர்த்தம் அல்ல. உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தைத் தள்ள இயலாமல் அது தளர்ந்துபோவதே இந்த நோய்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினார்கள். நாம் என்ன செய்தோம்? அன்பு என்ற பெயரால் அவர்களை நாற்காலியில் கட்டிப் போட்டோம். கயிறுதான் இல்லை. சோறும் கைக்கு வந்தது, மருந்தும் கைக்கு வந்தது, ஒளுச் செய்யத் தண்ணீரும் பக்கத்திலேயே வந்தது. எழுந்தால், “அத்தா, உட்காருங்கள்! நெஞ்சுக்கு ஆகாது” என்று வீடே கூவிற்று. பார்க்க வந்த உறவினரும் பழக்கூடையை வைத்துவிட்டு, “அசையாமல் இருங்கள் மாமு” என்றே சொல்லிச் சென்றார்கள். இரண்டு மாதத்தில், நாற்காலியிலிருந்து எழுப்ப இரண்டு ஆள் வேண்டியதாயிற்று. ஓர் இரவு குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்தார்கள். மீண்டும் ஆஸ்பத்திரி.

அங்கே உடற்பயிற்சிச் சிகிச்சை தரும் ஒரு தமிழ்ப் பெண்மணி அத்தாவை எழுந்து நிற்கச் சொன்னார். இயலவில்லை. நம் பக்கம் திரும்பி, “ஐயாவின் இருதயம் போன தடவை இருந்தபடியேதான் இருக்கிறது. போனது கால்” என்றார். முதல் தடவை கொடுத்தனுப்பிய தாளிலேயே தினமும் நடக்கும்படி எழுதியிருந்ததாம். அந்தத் தாள் மருந்துப் பைக்குள் மடித்தபடியே கிடந்தது. குற்றம் முழுவதும் நம்முடையது.

சகோதரர்களே! வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். முதலாளி ஒருவர் சுகமில்லாமல் இருந்தாலும், சரக்கு எடுத்துக் கொடுக்கிற பையன்கள் கெட்டிக்காரர்களாக இருந்தால் கடை ஓடும். பையன்களும் தூங்கிவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதே. உடம்பில் இருதயம் முதலாளி. கால் தசைகள் பையன்கள். இருதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்று ஸ்கேனில் பார்த்து ஒரு கணக்குச் சொல்கிறார்கள். ஒரே கணக்கு உள்ள இருவரில் ஒருவர் மாடிப்படி ஏறுவார், மற்றவர் வாசற்படி தாண்டமாட்டார். பழகிய தசை, வருகிற கொஞ்ச இரத்தத்திலிருந்தும் தனக்கு வேண்டிய பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். பழகாத தசைக்கு அது இயலாது.

படுக்கை எவ்வளவு பறிக்கும் என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966-ல் நோயில்லாத 20 வயது வாலிபர் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருத்திப் பார்த்தார்கள். உழைக்கும் சக்தியில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. அதே ஐவரை 30 வருடம் கழித்துச் சோதித்தபோது, முப்பது வருட வயது பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் பறித்திருந்தது தெரிந்தது. வாலிபருக்கே இந்தக் கதி என்றால், எழுபது வயதுள்ள நோயாளியைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா?

அந்நாட்டிலேயே 2021-ல் இன்னொரு ஆராய்ச்சி வெளிவந்தது. இந்த நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 60 வயதுக்கு மேற்பட்ட 349 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்து, வீடு திரும்பிய பின்னும் வாரம் மூன்று முறை, 12 வாரம், நடை, நிதானம், கால் பலம் ஆகியவற்றுக்குப் பயிற்சி தந்தார்கள். மூன்று மாத முடிவில் 12 மதிப்பெண்ணுக்குப் பயிற்சி பெற்றவர்கள் 8.3, மற்றவர்கள் 6.9. ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது: திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்வது அதனால் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. இருக்கிற நாளில் தன் காலால் எழுந்து ஒளுச் செய்யப் போவது சிறிய நிஃமத்தா?

இரண்டாம் தடவை வீடு வந்தபின், டாக்டரின் அனுமதி பெற்று, அத்தாவைக் கடையின் அஞ்சடியில் நடக்க வைத்தோம். வெயில் இல்லை, மழை இல்லை. மூச்சு வாங்கினால் உட்கார ஸ்டூலும் உண்டு. ஒரு கடையின் முகப்பு ஏறத்தாழ 20 அடி. முதல் நாள் நாலு கடை போய் வந்தார்கள். வாரத்துக்கு ஒரு கடை, இரண்டு கடை கூடிற்று. காலையும் மாலையும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தார்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் நடையைக் குறைக்க வேண்டும் என்பது அந்தப் பெண்மணி சொன்ன அளவுகோல்.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். டாக்டரைக் கேளாமல் ஆரம்பிக்க வேண்டாம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், வீக்கம் கூடினாலும் அன்று நடை வேண்டாம். டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சு வலித்தாலும் தலை சுற்றினாலும் உடனே நிறுத்த வேண்டும். வலி தணியாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காலையில் எழுந்ததும் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பு அல்ல, தண்ணீர். கருவாடும் ஊறுகாயும் குறைய வேண்டும். மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனூன் போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபிப் பகுதி உண்டு. வீடு திரும்பும்போதே, “எவ்வளவு நடக்கலாம்?” என்று கேட்டு வாங்கிக்கொள்வது நம் கடமை.

தொழுகையைப் பற்றியும் ஒரு சொல். தொழுகை இபாதத்; அதை உடற்பயிற்சி என்று சொல்வது அதற்கு மரியாதை ஆகாது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அத்தாவும் நாற்காலியில் தொழுது வந்தார்கள். கால் பலப்பட்டு வந்த காலத்தில், நம் ஹஜரத் அவர்கள், “உட்கார வைத்திருப்பது இயலாமையா, பயமா?” என்று மெதுவாகக் கேட்டார்கள். அத்தா பதில் சொல்லவில்லை. மறுநாள் ஸுபுஹுக்கு முதல் ரக்அத்தில் எழுந்து நின்றார்கள். பக்கத்து ஸஃப்பில் நின்ற நமக்குக் கண்ணீரை அடக்க முடியவில்லை. அடுத்த ரமழானுக்குள் கடையிலிருந்து இந்தியர் பள்ளிவாசல்வரை, வழியில் இரண்டு இடத்தில் இளைப்பாறி, தாமே நடந்து வந்தார்கள்.

அவர்களது இருதயம் பழையபடி ஆகிவிடவில்லை. இரண்டு வருடம் கழித்து அல்லாஹ் அவர்களை அழைத்துக்கொண்டான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த இரண்டு வருடமும் அவர்கள் ஒருவர் கையையும் எதிர்பார்த்துக் கிடக்கவில்லை. நாம் வீணாக்கிய அந்த இரண்டு மாதத்தை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது.

இப்பொழுது ஐயூபு நபியிடம் திரும்புவோம். பிரசவ வேதனையில் இருந்த மர்யம் (அலை) அவர்களையும் ஈத்தமரத்தின் அடியைப் பிடித்து உலுக்கும்படியே அல்லாஹ் சொன்னான். அவர்கள் உலுக்கியா ஒரு மரம் பழம் உதிர்க்கும்? அந்தத் தட்டலில் தண்ணீர் இல்லை, அந்த உலுக்கலில் பழமும் இல்லை, கொடுத்தவன் அல்லாஹ்தான். ஆனால் பலவீனருக்கும் அவரால் இயன்ற ஓர் அசைவை அவன் விட்டுவைத்தான். அவன் விட்டுவைத்ததை நாம் அன்பினால் பறிக்கலாமா?

ஆகவே சகோதரர்களே, நோயாளியை விசாரிக்கப் போகும்போது பழத்தோடு பத்து நிமிடமும் கொண்டு செல்வோம். அவருடைய டாக்டர் அனுமதித்திருந்தால், கையைப் பிடித்து, வாசல்வரை கூட நடந்து வருவோம். அடுப்படியோடு ஒடுங்கிவிட்ட நம் உம்மாமார்களையும் மறக்க வேண்டாம். அவர்களுக்கும் கால்கள் உண்டு.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிபாவைத் தருவாயாக. எங்கள் கால்களை உன் பாதையில் நிலைக்கச் செய்வாயாக. அறியாமல் செய்த தவறுகளைப் பொறுத்தருள்வாயாக. ஆமீன்.