லோடு இல்லாத மாதம்

சம்பா அறுவடை முடிகிற தை, மாசியில் திருக்கடையூரைச் சுற்றியுள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். 40 கிலோ சிப்பங்கள் தோளேறி, லாரியேறி, படுதாவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அது ஓய்ந்தால், குறுவை நெல் வரும்வரை அந்த வரிசை கிடையாது. காரைக்கால் துறைமுகத்து நிலக்கரியோ வெளிமாநிலச் சரக்கோ, கிடைத்ததைத் தேடி லாரிகள் போயாக வேண்டும்.

இந்த ஊர்ப் பையன்கள் இருவர், மாமன் மகனும் அத்தை மகனும், லாரி எடுப்பது பற்றிக் கேட்க வந்தார்கள். கனரக வண்டிக்கான லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஒருவர் தன் பழைய பத்துச் சக்கர லாரியை மாத வாடகைக்குத் தருகிறாராம். முன்பணம் கொஞ்சம்தான். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டினா வண்டி நிக்கவே நிக்காது மாமா. ஒத்த ஆளு ரெண்டு நடை அடிக்கிற நேரத்துல நாங்க நாலு நடை அடிச்சிடுவோம்" என்றான் பெரியவன். அவர்கள் ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலமெல்லாம் அடுத்தவர் வண்டியில் படிக் காசுக்கு ஓடுவதைவிட, தன் கணக்கைத் தானே எழுத வேண்டும் என்று நினைப்பது நல்ல ஆசை. கணக்குதான் என்னை உறுத்தியது. நாலு நடைக்கும் லோடு கிடைக்கும் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

காவிரிப் படுகைக்கு இது பழைய கணக்கு. வாரத்துக்கு நிலம் எடுத்தால் விளைந்ததில் பங்கு. வெள்ளம் அடித்துப் போனால் நிலக்காரருக்கும் அடிதான். குத்தகை அப்படியல்ல. இத்தனை கலம் என்று முன்பே பேசிவிடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டாலும், கதிர் பதராகப் போனாலும், சாகுபடி செய்தவர்தான் அளந்தாக வேண்டும். அந்தச் சுமையைக் குறைக்க இந்த மாவட்டங்கள் பட்ட பாடு சின்னதல்ல. 1952-ல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 1956-ல் நியாய வாரச் சட்டம் வந்து, நிலக்காரருக்கு எவ்வளவுதான் அளக்கலாம் என்று வரம்பு கட்டியது. நஞ்சைக்கு 40 சதவீதமாக இருந்த அந்த வரம்பு பிறகு 25 ஆனது. லாரிக்கு இப்படி ஒரு வரம்பை யாரும் கட்டவில்லை. வாடகை பேசியபடி. டீசல், டோல், டயர் எல்லாம் எடுத்து ஓட்டுபவர் பாடு. மழைக்கு நாலு நாள் வண்டி நின்றாலும் மாதம் பிறந்துவிடும்.

நம்மூரில் மட்டும் இந்த நிலை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் லாரிக் கம்பெனிகள் புது டிரைவர்களுக்கு வண்டியைத் தவணைக் குத்தகைக்குக் கொடுப்பது வழக்கம். பல இடங்களில் லோடு கொடுப்பதும் வாடகை பிடிப்பதும் ஒரே கம்பெனி. லோடு குறைந்தாலும் பிடித்தம் குறையாது. இதை ஆராய அரசு அமைத்த குழு, இந்த ஏற்பாட்டையே தடை செய்யுங்கள் என்று 2025 ஜனவரியில் பரிந்துரைத்துவிட்டது.

இருவர் ஓட்டுவதைப் பற்றி நான் வேறு மாதிரி நினைக்கிறேன். அது வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் பையன்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது 1961-ல். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று அதில் எழுதியிருந்தது. நெடுஞ்சாலையில் அந்த எழுத்தை யார் பார்த்தார்கள்? நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருந்தே ஆக வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2018-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். 1997-ல் டாஸன், ரீட் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒன்றை அளந்து பார்த்தார்கள். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவருடையதைப் போலத் தடுமாறுகின்றன. நம் சட்டம் அனுமதிப்பதோ 30 மில்லிகிராம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, கொள்முதல் நிலையத்தில் முறைக்குக் காத்திருந்து, சாயங்காலம் படுதா கட்டிக் கிளம்புகிற டிரைவருக்கு இரவு பத்து மணிக்கே அந்த 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. ஓட்டம் அதற்குப் பிறகுதான்.

திருக்கடையூருக்கு ஆயுளை வேண்டித்தான் ஜனங்கள் வருகிறார்கள். மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்த காலசம்ஹாரமூர்த்தி முன்னால் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம். பட்டு வேட்டியும் மாலையுமாகக் குடும்பம் உள்ளே போயிருக்கும். விடிய விடிய ஓட்டிவந்த வேன் டிரைவர் வெளியே ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துத் தூங்குவார். கண்ணாடியில் வெயில் ஏறும். கன்னத்தில் ஸ்டியரிங் உறையின் தையல் பதிந்திருக்கும். அப்போதும் விழிப்பு வராது. மேளச்சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து முகம் கழுவுவார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதே வேனைத் திருப்பி ஓட்ட வேண்டும். எத்தனையோ காலைகளில் இதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அந்த வேனில் இன்னொரு டிரைவர் இருந்தால் ஊரிலிருந்து வந்தவர்களின் ஆயுளுக்கும் அது காவல்.

இரண்டாவது டிரைவர் என்பவர் முதலாமவரின் தூக்கத்துக்குக் காவல். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள பலகையில் படுப்பார். பிரேக் விழும்போதெல்லாம் கை தானாகக் கம்பியைப் பிடிக்கும். அது அரைத் தூக்கம்தான். ஆகவே வண்டியும் சில மணி நேரம் நின்றாக வேண்டும். நிலையான வாடகை அதற்கு விடாது. வண்டி நின்றால் நஷ்டம் என்கிற கணக்கில் மாட்டியவர்கள், இரண்டாவது ஆள் தரும் ஓய்வையும் நடையாக்கி விற்றுவிடுவார்கள். வாடகைக்கு வேண்டியது நிற்காத வண்டி. இரண்டு பேராக இருப்பதே அதற்கு வசதியாகிவிடும். லாபத்தைப் பிரிக்க யார் வேண்டுமானாலும் கூட வருவார்கள். வண்டி ஓடாத நாளின் நஷ்டத்தில் தனக்கும் பங்கு உண்டென்று ஒப்புக்கொள்கிற உரிமையாளர்தான், "தூக்கம் வந்தால் ஓரங்கட்டித் தூங்கு" என்று மனசாரச் சொல்ல முடியும்.

பையன்களிடம் இதைத்தான் சொன்னேன். ஒன்றிரண்டு வருஷம் அனுபவப்பட்ட டிரைவர்களோடு இரண்டாவது ஆளாகப் போங்கள். எந்த புக்கிங் ஆபீஸ் சொன்ன காசைக் கொடுக்கும், எந்த ஊரிலிருந்து ரிட்டன் லோடு கிடைக்காது என்பதெல்லாம் கூடப் போனால்தான் தெரியும். பிறகு வண்டி எடுப்பதானால் வாரமாகப் பேசுங்கள். டீசலும் டோலும் போக மிஞ்சுவதில் உரிமையாளருக்கு ஒரு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கு. இன்ஜின் வேலை, டயர், எஃப்.சி. அவர் பொறுப்பு. எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

"வாரத்துக்கு ஒத்துக்க மாட்டாரு மாமா" என்றான் சின்னவன்.

மாட்டார் என்றால், லோடு இல்லாத மாதத்தில் வாடகை எவ்வளவு என்று மட்டுமாவது கேளுங்கள் என்றேன். பெரியவன் அன்று சாயங்காலமே போய்க் கேட்பதாகச் சொன்னான். அவர் வாயால் பதில் வருகிறவரை முன்பணத்தை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று மட்டும் அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.