ஏரி வலக்கைப் பக்கம்

கரையில் இறங்கியதும் மகள் கேட்டாள்: "எந்தப் பக்கமாப் போகலாம்மா? வலது பக்கம் போனா தோரோ வீடு இருந்த இடம் சீக்கிரம் வந்துடும்." அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் இடது பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தேன். பத்தடி போன பிறகுதான் காரணம் எனக்கே விளங்கியது. அப்படிப் போனால்தான் ஏரி என் வலக்கைப் பக்கம் இருக்கும். சாமியோ, மரமோ, மலையோ, வலமாகச் சுற்றியே பழகிய உடம்பு.

வால்டன் ஏரி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு என்ற ஊரின் ஓரத்தில், பைனும் ஓக்கும் சூழ்ந்த காட்டுக்குள் இருக்கிறது. ஒரு சுற்று 1.7 மைல், மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய ஏற்றம் ஏதும் இல்லை. முழங்கால் வலியோடு நடக்கும் நானே நின்று நின்று ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். நீரை ஒட்டியே போகிற ஒடுக்கமான பாதை. கரை சரியாமல் இருக்க ஓரத்தில் கம்பிவேலி. தேங்காய் நார் பரப்பியதுபோல் பைன் ஊசிகள் உதிர்ந்து கிடப்பதால் காலடிச் சத்தமே கேட்பதில்லை. இந்த ஏரிக்கு வந்து சேரும் ஆறும் இல்லை, இதிலிருந்து புறப்படும் ஆறும் இல்லை. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு பனியாறு பின்வாங்கியபோது, மணலிலும் சரளையிலும் புதைந்துபோன ஒரு பெரும் பனிப்பாளம் மெல்ல உருகிப் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தை நிலத்தடி நீர் நிரப்பியது.

போகும் இடம் என்று ஒன்று இல்லாத நடை இது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறோம். அது என்னை உறுத்தியது. அதற்குக் காரணம் உண்டு. பணி ஓய்வு பெற்ற அன்று, பேசச் சொன்னபோது, "முப்பத்திரண்டு வருஷம் செக்குமாடு மாதிரி சுத்தினேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதே பஸ், அதே மேஜை, அதே கோப்புகள், மாலையில் அதே காய்கறிக் கடை. ஒரு மனுஷி தன் ஆயுளை இப்படிச் சுற்றியே தீர்த்துவிட்டால் அது வாழ்ந்த கணக்கில் சேருமா? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 அன்று இந்தக் கரையில் குடியேறினார். நண்பர் எமர்சனின் நிலத்தில், தன் கையாலேயே கட்டிய பத்தடிக்குப் பதினைந்தடி அறை. 1847 செப்டம்பர் 6 அன்று காலி செய்தார். இரண்டு வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள். 1854இல் வெளிவந்த 'வால்டன்' புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில், ஏன் போனேன் என்று சொல்லும்போது ஒரு சின்ன விஷயத்தைக் குறிப்பிடுகிறார். குடிவந்து ஒரு வாரம் ஆவதற்குள் வாசலிலிருந்து நீர்க்கரை வரை அவர் காலடியே ஒரு தடம் போட்டுவிட்டதாம். மனிதன் எவ்வளவு சுலபமாகத் தடத்தில் விழுந்துவிடுகிறான் என்று அதைக் கண்டு அவர் கலங்கியிருக்கிறார்.

முதலில் படித்தபோது சரியாகச் சொன்னார் என்றுதான் பட்டது. இந்தக் கரையில் நடந்தபோது எனக்கு ஒப்பவில்லை. அவரால் போக முடிந்தது, போனார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வீட்டுக் கடன் இல்லை. போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? செக்குமாடு நின்றால் எண்ணெய் வராது. நான் சுற்றிய சுற்றில்தான் என் மகள் படித்தாள். என்னை இந்த ஏரிக்குக் கூட்டிவந்த காரும் அதில் வந்த எண்ணெய்தான். அந்தச் சுற்றை இனி நான் கேவலமாகப் பேசமாட்டேன்.

என் அம்மாவின் ஞாபகம் வந்தது. அமாவாசையும் திங்கட்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் திருவல்லிக்கேணியில் எங்கள் தெருமுனை அரசமரத்தை 108 சுற்று சுற்றுவாள். கணக்குத் தப்பாமல் இருக்க மடியில் 108 புளியங்கொட்டை. ஒரு சுற்றுக்கு ஒன்றாகப் பிள்ளையார் காலடியில் போடுவாள். மரத்தைச் சுற்றிக் கல் பாவியிருந்தது; கால் படுகிற வட்டம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். ஒருமுறை கேட்டேன்: "சுத்திச் சுத்தி அதே இடத்துக்குத்தானேம்மா வர்றே?" சுற்றும்போது அவள் பேசமாட்டாள். முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, கன்றிச் சிவந்த பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, "கொட்டையெல்லாம் பொறுக்கு, அடுத்த தடவைக்கு வேணும்" என்றாள்.

செக்குமாட்டுக்குக் கண்ணைக் கட்டியிருப்பார்கள். அம்மாவின் கண்ணை யாரும் கட்டவில்லை. எந்தக் கிளையில் கொழுந்து விட்டிருக்கிறது, பிள்ளையாருக்கு யார் புதுத் துண்டு சாத்தியிருக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். நான்தான் என் கண்ணை நானே கட்டிக்கொண்டு போய்வந்தேன்.

தோரோவின் மீது எனக்கு மதிப்பு வருவது வேறோர் இடத்தில். இந்த ஏரிக்கு அடியே கிடையாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் அளந்து பார்க்கவில்லை. அவர் நில அளவை தெரிந்தவர். 1846 தொடக்கத்தில், உறைந்த ஏரியின் மேல் திசைகாட்டியும் சங்கிலியுமாக நடந்து, துளைபோட்டு, தூண்டில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில். மிக ஆழமான இடம் 102 அடி. தினமும் குளித்த, தண்ணீர் மொண்ட ஏரிதான். அதையே புதிதாகக் கேள்வி கேட்டு அளந்தார்.

சென்னையில் நான் தினமும் பஸ் ஏறியது ஐஸ் ஹவுஸ் நிறுத்தத்தில். அந்தப் பெயரை என் வாய் எத்தனை ஆயிரம் தடவை கண்டக்டரிடம் சொல்லியிருக்கும்! ஏன் அந்தப் பெயர் என்று நின்று யோசித்ததில்லை. இந்தக் கரையில் வந்துதான் யோசித்தேன். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், நியூ இங்கிலாந்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி வைக்க 1842இல் கட்டிய கிடங்கு அது. பின்னாளில் விவேகானந்தர் தங்கிய கட்டடம். 1846-47 குளிர்காலத்தில் வால்டனிலும் நூறு ஆட்கள் வந்து பனிக்கட்டி வெட்டினார்கள். மதராஸ்காரர்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்ற பொருள்பட தோரோ எழுதி மகிழ்கிறார். ஆனால் அவரே இன்னொன்றும் சொல்கிறார். வைக்கோல் போர்த்திக் குவித்த பத்தாயிரம் டன்னில் பெரும்பகுதி எங்கும் போகவில்லை. 1848 செப்டம்பர் வரை கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஏரிக்கே திரும்பிவிட்டது. கரையில் நின்று இதை மகளிடம் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அதன்பின் சனிக்கிழமைதோறும் வந்தோம். மூன்றாவது வாரம் மகள், "வேற எங்கேயாவது போலாமேம்மா, இங்கே பார்த்துட்டோமே" என்றாள். இன்னும் பார்க்கவில்லை என்றேன். செப்டம்பரில் நீச்சல்காரர்கள் முதுகுக்குப் பின்னால் ஆரஞ்சு நிற மிதவையை இழுத்துக்கொண்டு அக்கரை வரை போனார்கள். அக்டோபரில் அவர்கள் குறைந்துபோய், ஓக் இலைகள் தோல் செருப்பின் நிறத்துக்கு வந்திருந்தன. எதிர்க்கரையில் ஒரு மேப்பிள் மட்டும் குங்குமமாக நின்றது. அடுத்த வாரம் அதன் நிறமெல்லாம் தண்ணீரில் மிதந்தது. நீர் கால் நுனியில் பச்சை, பத்தடி தள்ளி நீலம். நம் அணிலைப் போலவே முதுகில் கோடு போட்ட சின்ன அணில் ஒன்று கன்னம் புடைக்க ஓக் கொட்டையை அடைத்துக்கொண்டு வேலிக்கடியில் நுழைந்தது. தோரோ வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. வந்து போகிறவர்கள் போட்டுப் போட்டு வளர்ந்த கற்குவியல் இருக்கிறது. அதில் ஒரு கல்லை நானும் வைத்தேன்.

மேற்குக் கோடியில், பாதிச் சுற்று முடிகிற இடத்தில், ரயில் பாதை ஏரிக்குப் பக்கமாகவே வருகிறது. தோரோ வருவதற்கு முந்தைய வருடமே போட்டது. நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய சனிக்கிழமை அங்கே நின்றபோது பாஸ்டன் பக்கம் போகிற ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகத் தலைகள் கைப்பேசியில் கவிழ்ந்திருந்தன. ஒரு ஜன்னலில் மட்டும் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கண்ணாடியில் நெற்றியை வைத்து ஏரியையே பார்த்துக்கொண்டு போனாள். தினமும் போகிறவளோ என்னவோ. நான் கையை உயர்த்தினேன். அவள் பார்வை என்மேல் படவில்லை, நீர்மேல்தான் இருந்தது.

ரயில் போனதும் மகள், "நடக்கலாமா?" என்றாள். ஏரியை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு மிச்சப் பாதியை நடக்கத் தொடங்கினோம்.