நள்ளிரவில் படபடக்கும் நெஞ்சு



பகலெல்லாம் கடையில் நின்று, இஷாத் தொழுது, உண்டு படுத்த மனிதர் இரவு 2 மணிக்குத் திடுக்கிட்டு எழுகிறார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. உடல் வியர்க்கிறது, கை நடுங்குகிறது. மௌத்து வந்துவிட்டதோ என்று அஞ்சுகிறார். சிறிது நேரத்தில் அடங்குகிறது. ஆனால் தூக்கம் திரும்புவதில்லை. கடை வாடகை, சிப்பந்திகளின் சம்பளம், சரக்குக் கடன் என்று கணக்குகள் வரிசையாக வந்து நிற்கின்றன. காலையில் ஒன்றும் நடவாதவர் போலக் கடையைத் திறக்கிறார். ‘ஈமான் உள்ளவனுக்குப் பயம் ஏது? வெளியில் சொன்னால் கடையின் பேர் கெடும்’ என்று எண்ணி, மனைவியிடமும் மறைக்கிறார், மருத்துவரிடமும் போவதில்லை.

இந்த எண்ணம் சரிதானா?

கி.பி. 610ஆம் ஆண்டில் ஹிரா குகையில் முதல் வஹீ அருளப்பட்டபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் நெஞ்சம் நடுங்க வீடு திரும்பினார்கள். தம்மைப் போர்த்திவிடும்படி கூறினார்கள். நடுக்கம் தணிந்ததும், நடந்ததையும் தமக்கேற்பட்ட அச்சத்தையும் கதீஜா (ரலி) அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னார்கள். அகிலத்துக்கு அருட்கொடையாய் வந்தவர்களே தம் அச்சத்தைச் சொல்லத் தயங்கவில்லை. நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அதைக் கேட்டவர்கள் யார்? ஷாம் தேசம்வரை சரக்கு அனுப்பி வாணிபம் நடத்திய அம்மையார். லாப நஷ்டம் அறிந்தவர்கள். உறவினரை ஆதரிப்பது, எளியோரின் சுமையைத் தாங்குவது, விருந்தினரை உபசரிப்பது ஆகிய நற்குணங்களை எடுத்துரைத்து, அல்லாஹ் கைவிடமாட்டான் எனத் தேற்றினார்கள். அத்துடன் நில்லாமல், வேதம் அறிந்த வரகாவிடம் அழைத்தும் சென்றார்கள். நம் இல்லத்தரசிகள் கவனிக்கவேண்டும்: ஆறுதலும் சொன்னார்கள், அறிந்தவரிடமும் அழைத்துப் போனார்கள்.

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) நோயுற்றபோது நபியவர்கள் அவர் நெஞ்சில் திருக்கரத்தை வைத்துப் பார்த்து, இது இதய நோய் என்று கூறி, தகீப் குலத்து வைத்தியர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லச் சொன்னார்கள். அண்ணலாரின் கை நெஞ்சில் பட்டவருக்கே வைத்தியர் தேவைப்பட்டார் என்றால், நமக்கு வேண்டாமா?

கவலை மிகுந்தால் உடலில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு விரைந்து அடிக்கும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டித் தணியும். ஆயினும் தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, உறக்கத்தில் மூச்சு தடைபடுதல், நீரிழிவு மருந்தால் சர்க்கரை அளவு மிகவும் இறங்குதல் ஆகியவற்றாலும் இப்படி வரலாம். இன்னதென்று நாமே தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் செய்து மருத்துவர் சொல்லட்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழையுங்கள்.

மருத்துவர் உடலில் குறையில்லை என்றால், கவலையின் வேரைத் தேடுங்கள். வியாபாரிக்கு அது பெரும்பாலும் கடனாகவே இருக்கும். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் பாதுகாப்புக் கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான ஆயத்தே (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். ஆகவே மனத்தில் புரளும் கணக்கைத் தாளில் இறக்குங்கள். தவணை தவறும்முன் கடன் கொடுத்தவரை நேரில் கண்டு உண்மையைச் சொல்லுங்கள். கொடுத்தவர்களே! சிரமப்படுபவருக்கு அவகாசம் தரும்படி 2:280இல் இறைவன் உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறான். உங்கள் ஒரு சொல்லால் இன்னொருவர் வீட்டில் இன்றிரவு தூக்கம் வரலாம்.

இரவில் விழிப்பு வந்தால் எழுந்து உட்காருங்கள். மெல்ல மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். படபடப்பு தணிந்ததும் உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுது, உள்ளதை உள்ளபடி ரப்பிடம் சொல்லுங்கள். காலையில் மனைவியிடமும் சொல்லுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது!

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதியையும், உடலுக்கு ஆரோக்கியத்தையும், தொழிலில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.