குழலூதியவன் குற்றவாளியா?



குடியரசு தின அணிவகுப்பில் நம் இராணுவத்தார் சிலர் தோற்பைக் குழல் ஊதிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்காத்லாந்து தேசத்தாரின் பேக்பைப் என்ற வாத்தியம் அது. நம்மூர் நாயனத்தையும் ஒத்தையும் ஒரே ஆள் வாசித்தால் எப்படியோ, அப்படி. அக்குளில் இடுக்கிய பையில் காற்றை நிரப்பி, ஒரு குழலில் இராகமும் மற்றக் குழல்களில் சுருதியும் எழுப்புவார்கள். வெள்ளைக்காரர் பட்டாளத்தோடு வந்த அவ்வாத்தியம், அவர்கள் போன பின்பும் நம் படைகளில் நிலைத்துவிட்டது. அதைப்பற்றிய பழைய வழக்கு ஒன்று நம் வீடுகளுக்கும் பொருந்துமாதலால் எழுதுகிறேன்.

1745-ல் ஸ்காத்லாந்தில் அரசனுக்கு விரோதமாகக் கலகம் எழும்பிற்று. கலகப் படையில் குழலூதிய ஜேம்ஸ் ரீட் என்பவன் பிடிபட்டு, 1746-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் விசாரிக்கப்பட்டான். தான் ஆயுதம் எடுக்கவில்லை, குழல் மாத்திரமே ஊதியதாக வாதாடினான். இரக்கம் காட்டும்படி ஜூரிகள் சிபாரிசு செய்தார்கள். நீதிபதிகளோ, மலைநாட்டுப் பட்டாளம் குழலூதுவோன் இல்லாமல் புறப்படுவதில்லை, ஆகையால் குழலும் போர்க்கருவியே என்று தீர்த்து, அவனைத் தூக்கிலிட்டார்கள்.

பிற்காலத்தில் அதே தொழிலுக்கு மகிமை கிடைத்தது. 1915-ல் பிரான்சிலுள்ள லூஸ் போர்க்களத்தில் விஷப்புகையால் நிலைகுலைந்த தன் படையினருக்குத் தைரியமூட்ட, டேனியல் லெய்ட்லா என்பவர் பதுங்குகுழியின் மேட்டில் ஏறிக் குழலூதினார். தாம் காயப்பட்ட பின்பும் ஊதினார். அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது அளித்தார்கள். 1944 ஜூன் 6-ல் பில் மில்லின் என்ற வாலிபர் நார்மண்டிக் கடற்கரையில் குண்டுகளுக்கு நடுவே துப்பாக்கியின்றிக் குழலூதி நடந்தார். அவரைப் பைத்தியமென்று எண்ணிச் சுடாமல் விட்டதாகப் பிடிபட்ட ஜெர்மானியர் பிறகு சொன்னார்களாம்.

குற்றவாளி, வீரன், பைத்தியக்காரன்: ஒரே தொழிலுக்கு மூன்று பெயர். எதை நாம் ஒப்புக்கொள்வது?

ரீட் என்பவனைத் தூக்கிலிட்டது கொடுமை என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் நீதிபதிகள் சொன்ன நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. பிறர் பாவத்துக்கு நாம் பங்காளியாகும் வழிகள் ஒன்பது என்று ஞானோபதேசம் கற்பிக்கிறது. தூண்டிவிடுதல், ஆலோசனை சொல்லுதல், செய்த தீமையைப் புகழுதல், பேச வேண்டிய இடத்தில் மௌனமாயிருத்தல் இவையும் அவற்றில் அடங்கும். "நான் கை வைக்கவில்லையே" என்பது சர்வேசுரனுடைய சந்நிதியில் முழுப் பதிலாகாது.

நம் ஊர்களைப் பாருங்கள். வாய்க்கால் தண்ணீர் முறைக்காக அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாய்த் தொடங்கிய சச்சரவு, அரிவாள் மட்டும் வந்தது ஏன்? "நீ ஆம்பிள்ளையா? விட்டுவிடுவாயா?" என்று யாரோ ஒருவர் பக்கத்தில் ஊதிக்கொண்டிருந்தார். மருமகள் தாய்வீடு போய்ச் சேர்ந்தது ஏன்? அங்கேயும் ஒருவர் ஊதினார். வெட்டியவன் சிறைக்குப் போகிறான். ஊதியவரோ ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்து முன்வரிசையில் முழந்தாளிடுகிறார்.

அந்தக் குழலூதிகளிடம் ஒரு நேர்மை இருந்தது. யாரைப் போருக்கு ஏவினார்களோ அவர்களோடு தாங்களும் நடந்தார்கள். அதே குண்டுக்குத் தங்கள் மார்பையும் காட்டினார்கள். நம் திண்ணை வீரர்கள் அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு, சாரல் மேலே படாதபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

ஆனாலும் ஊதுவதே பாவமன்று. மோயீசன் செய்த வெள்ளி எக்காளங்கள் யுத்தத்துக்கும் முழங்கின, திருநாளுக்கும் முழங்கின. பரீட்சையில் தவறிய பிள்ளைக்கும், கடனில் மூழ்கிய அயலானுக்கும், குடியை விட முயன்று தடுமாறுகிறவனுக்கும் லெய்ட்லாவைப்போல் தைரியமூட்டுகிறவர்கள் நமக்கு வேண்டும். அவ்வெக்காளங்களை ஊதும் பொறுப்பு குருக்களுக்கே கொடுக்கப்பட்டிருந்ததால், இந்தக் கணக்கு முதலாவது என்னைச் சேர்ந்தது என்பதையும் அறிவேன்.

ஆகையால் அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்துக்கு ஆத்தும சோதனை செய்யும்போது, "நான் யாரை அடித்தேன்?" என்பதோடு நிறுத்தாமல், "நான் ஊதியதைக் கேட்டு யார் எங்கே போனார்கள்?" என்றும் கேட்டுக்கொள்வோமாக.

உங்கள் பங்குக் குரு