சூடாகச் சாப்பிட்டது யார்?

வீட்டுக்கு வந்த விருந்தாளியை வேலை வாங்கலாமா?

'என்ன சார் கேள்வி இது?' என்பீர்கள். நம் ஊர் வழக்கப்படி விருந்தாளி சோபாவில் உட்கார வேண்டும். ஃபேன் அவருக்கு நேராகச் சுழல வேண்டும். தண்ணீர்கூட அவர் எழுந்துபோய் எடுக்கக் கூடாது. 'நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்' என்று தோளை அமுக்கி உட்காரவைத்தால்தான் நமக்குத் திருப்தி.

நங்கநல்லூரில் என் நண்பர் வீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை இந்த வழக்கம் தலைகீழாகிவிடுகிறது. அன்றைக்கு பீட்சா. போன் போட்டு வரவழைப்பது இல்லை, வீட்டிலேயே செய்வது. அண்ணன் குடும்பம், மச்சினி குடும்பம், மாடி வீட்டுக்காரர்கள், என்னைப் போல ஒன்றிரண்டு உபரிகள். ஹாலில் பழைய பேப்பரை விரித்து, மேலே பலகை, நடுவில் மாவு உருண்டைகள். உள்ளே நுழைகிறவர் கைக்கு முதலில் வருவது காபி அல்ல, கத்தியும் வெங்காயமும். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் குடமிளகாயைக் கணக்கு டாலி பண்ணுகிற சிரத்தையோடு நறுக்கிக்கொண்டிருந்தார். எட்டு வயசுப் பெண் சீஸ் துருவினாள். துருவியதில் பாதி வாய்க்குள் போனது.

நண்பரின் பெரியம்மா என் காதருகே வந்து, "கூப்பிட்டு வெச்சு வேலை வாங்கறாங்களே தம்பி... நல்லாவா இருக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. இரண்டாயிரம் வருஷத்துக் கேள்வி என்றுகூடச் சொல்லலாம். விருந்துக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியவர் வள்ளுவர். ஆனால், 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் 'புதுமை'. தொல்காப்பியத்திலேயே அந்தப் பொருளில் வருகிறது. அதாவது, விருந்தாளி என்றால் புதிதாக வந்தவர், முன்பின் பழகாதவர். இல்லறத்தான் பேண வேண்டிய ஐந்து பேர் பட்டியலில் வள்ளுவர் விருந்தையும் சுற்றத்தையும் தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறார். மாசா மாசம் வருகிற மச்சினி புருஷன் அந்தக் கணக்கில் விருந்தே இல்லை! அவர் வெங்காயம் உரிக்கலாம், தப்பில்லை. முதல் தடவை படியேறி வருகிறவர் விஷயம் வேறு. அவருக்கு சோபாதான், காபிதான். இதில் பெரியம்மா கட்சி நான்.

அதே வள்ளுவர் முகத்தைப் பற்றியும் சொல்கிறார். அனிச்சப் பூ மோந்தால்தான் வாடும், விருந்தாளி நம் முகம் கொஞ்சம் மாறினாலே வாடிவிடுவான் என்று. சரி, காலை அஞ்சு மணியிலிருந்து அடுப்படியில் நிற்கிற முகம் ராத்திரி எட்டு மணிக்கு எப்படி மலரும்? அதுவும் மலரத்தான் செய்கிறது. நம் வீட்டுப் பெண்கள் அதற்கும் பழகிவைத்திருக்கிறார்கள்.

தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து பேர் வந்திருக்கிற ராத்திரியில் தோசை வார்ப்பவர் எப்போது சாப்பிடுகிறார்? கல்லை விட்டு இரண்டு நிமிஷம் நகர முடியாது, கருகிவிடும். ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்கும், என்ன ஜோக் என்று தெரியாது. 'என்னங்க, என்ன சொன்னாங்க?' என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். 'ஒண்ணுமில்ல, நீ முறுகலா ஒண்ணு போடு' என்று பதில் போகும். கடைசியில் மாவு வழித்து ஊற்றிய பிய்ந்த தோசை, ஆறிய சட்னியோடு, நின்றபடியே. சப்பாத்தி, பூரி எல்லாம் இதே ஜாதி.

பீட்சா பிறந்த நேப்பிள்ஸிலும் அதைச் சுடுகிறவருக்கு உட்கார நேரமில்லை. விறகு அடுப்பில் 400 டிகிரிக்கு மேல் சூடு. 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். கண்ணை எடுத்தால் போச்சு. 2017-ல் யுனெஸ்கோ அந்தக் கைத்திறனை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால், நம் வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பு முக்கி முனகி 250 டிகிரிதான் எட்டும். ஒரு தட்டு வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிறது. ஒரே சமயத்தில் ஒன்றுதான் வைக்க முடியும்.

குறைதான். ஆனால், சௌகரியமே அதில்தான் இருக்கிறது. கதவைச் சாத்தியதும் வேலை செய்தவர் வந்து தரையில் உட்கார்ந்துகொள்ளலாம். பத்து நிமிஷம் முழுசாக அவருடையது. முதல் பந்தி, கடைசிப் பந்தி கிடையாது. வெளியே வருகிற ஒரு பீட்சாவை எட்டாக வெட்டினால், செய்தவர் உட்பட ஆளுக்கு ஒரு துண்டு. அடுத்தது வரும்வரை எல்லோரும் சேர்ந்துதான் காத்திருக்க வேண்டும். நண்பரின் மனைவி அன்றைக்கு நாலு துண்டு, நாலும் ஆவி பறக்கச் சாப்பிட்டார். அவர் ஜோக் அடிப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இன்னொரு விஷயம், கடன். பி.காம். படித்தவன் புத்தி வேறெங்கே போகும்? இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வறுமையில் நேப்பிள்ஸ் சந்துகளில் பெண்கள் பீட்சாவை எண்ணெயில் பொரித்துக் கடனுக்கு விற்றார்கள். இன்று சாப்பிடு, எட்டு நாள் கழித்துக் காசு கொடு. 1954-ல் வந்த விட்டோரியோ டி சிகாவின் 'லோரோ டி நாப்போலி' படத்தில் சோஃபியா லாரன் அப்படித்தான் பீட்சா விற்பார். நம் பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கத்து மொய் விருந்தும் இந்த வகை நேர்மைதான். நோட்டுப் போட்டு, பேர் எழுதி, தொகை எழுதி, கறிச்சோறு. ஒளிவுமறைவு இல்லை.

நகரத்து விருந்தில் நோட்டு இருக்காது, கணக்கு மட்டும் இருக்கும். 'அவங்க வீட்ல ஆறு அயிட்டம் பண்ணாங்க. நாம அஞ்சோட நிறுத்தினா என்ன நினைப்பாங்க?' சோபாவில் உட்காரவைக்கப்பட்டவர் கடன்காரராக எழுந்து போகிறார். அடுத்த மாசம் வட்டியோடு அடைக்கிறார். அதாவது, அவர் மனைவி அடைக்கிறார். குடமிளகாய் நறுக்கிய பெரியவருக்கு அந்தப் பாரம் இல்லை. 'மூணாவது வந்ததே, அது என் கைவண்ணம்' என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

இங்கேயே நிறுத்தினால் இது பீட்சா விளம்பரம் ஆகிவிடும். அந்த மாவு உருண்டை ஆகாயத்திலிருந்து விழவில்லை. முந்தின நாள் ராத்திரியே அரை கிலோ மாவுக்குக் கூட்டியா குறைத்தா என்று தண்ணீர் பார்த்துப் பிசைந்து, ஈஸ்ட் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் நம் வெயிலில் புளித்துப் பொங்காமல் நிதானமாக உப்பும். தக்காளி வதக்கி மசிக்க வேண்டும். கடைக்குப் போக வேண்டும். 'சும்மா ரிலாக்ஸா வாங்க' என்று நாம் கூப்பிடுவது, யாரோ ஒருவர் முன்கூட்டியே பிரீமியம் கட்டிவிட்ட தைரியத்தில். நங்கநல்லூரில் வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மாவு பிசைவது நண்பர். சாஸ் அவர் மனைவி. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

வேறொரு வீட்டுக்கும் போயிருக்கிறேன். அங்கே கணவர் மாவை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பார். கைதட்டல், போட்டோ எல்லாம் உண்டு. பிசைந்தது, வதக்கியது, நடுநடுவே பலகையைத் துடைத்தது எல்லாம் மனைவி. பத்து நிமிஷ இடைவேளையிலும் அவர் உட்காரவில்லை. பன்னிரண்டு பேர் சாப்பிட்ட தட்டுகளைப் பார்த்து, 'காலையில அந்தம்மா வந்து பார்த்துப்பாங்க, விடு' என்றார் கணவர்.

சீஸ் உடனே ஊறவைத்தால் ஒரு துடைப்பில் போய்விடும். ராத்திரி முழுக்கக் காய்ந்தால் கத்தியால் சுரண்ட வேண்டும். காலை ஆறரைக்கு வருகிற அந்த அம்மாவிடம் சம்பளம் பேசியது நாலு பேர் பாத்திரத்துக்கு. மிச்சமிருந்த ஒரு துண்டை அலுமினியத் தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் அவருக்காக எடுத்துவைத்திருந்தார்கள்.